வலி எங்கே இருக்கிறது: சயாட்டிகாவோடு ஓராண்டு

2023 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, பத்தாம் வகுப்பு அறையில், கரும்பலகையின் மேல் மூலையில் தேதியை எழுதுவதற்காக வழக்கம்போல் நுனிக்காலில் எம்பினேன். இடது குதிகால் தரையை விட்டு எழுந்தது. வலது குதிகால் எழவே இல்லை. வலி தடுத்து எழாமல் போயிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அந்த நொடியில் கெண்டைக்காலில் வலியே இல்லை. எழு என்று நான் நினைத்தது அங்கே போய்ச் சேரவில்லை. சாக்பீஸைக் கையில் பிடித்தபடி சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தேதியைக் கீழே, என் கண்ணுக்கு நேராக எழுதினேன். இது வெறும் இடுப்புப் பிடிப்பு அல்ல என்று அன்று மாலைதான் ஒப்புக்கொண்டு மருத்துவரிடம் போனேன்.

அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன், தீபாவளிக்கு முந்தின நாள், முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தபோது எரிவாயு தீர்ந்துவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் நிரம்பிய சிலிண்டரை நானே குனிந்து, உடம்பைத் திருப்பி, அடுப்படி வரை இழுத்துப்போனேன். 14.2 கிலோ எரிவாயுவும் இரும்பின் எடையும் சேர்ந்தால் ஏறத்தாழ 30 கிலோ வரும். இழுக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அம்மா நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். பக்கத்துத் தெருவில் கால் முன்னே வந்து பிறந்த ஒருவர் இருக்கிறார், அவர் காலால் நீவிவிட்டால் சுளுக்கு விடும் என்று சித்தி சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. புதன்கிழமை காலை, முகம் கழுவக் குனிந்த நிலையில் ஒரு தும்மல் வந்தது. வலது புட்டத்திலிருந்து தொடையின் பின்புறம், கெண்டை, பாதத்தின் வெளி ஓரம் என்று ஒரே வீச்சில் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இறங்கியது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். நகர்ந்தால் மறுபடி வந்துவிடுமோ என்ற பயம்தான் அந்த வலியைவிடப் பெரிதாக இருந்தது.

சயாட்டிகா என்பது நோயின் பெயர் அன்று. ஒரு நரம்பு படும் துன்பத்தின் பெயர். சயாட்டிக் நரம்பு நம் உடலிலேயே மிக நீளமானது, மிகத் தடிமனானது. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் எல் 4 முதல் எஸ் 3 வரையிலான ஐந்து நரம்பு வேர்கள் (எல் என்பது இடுப்புப் பகுதி, எஸ் என்பது அதற்குக் கீழுள்ள திரிகப் பகுதி) கூடி, ஏறத்தாழ ஒரு விரல் தடிமனில் புட்டத்தின் வழியே இறங்கி, முழங்காலுக்கு மேல் இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. பெரும்பாலோருக்குப் பிரச்சினை காலில் இருப்பதில்லை, வேரில்தான் இருக்கிறது. முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுக்கு, நாம் ஜவ்வு என்று சொல்வதற்கு, வெளியே நார் வளையங்களும் உள்ளே கூழ் போன்ற மையமும் உண்டு. வளையம் கிழிந்து கூழ் பிதுங்கி வேரின் மேல் அமரும்போது, அது அழுத்துவதோடு அந்த இடத்தில் அழற்சியையும் கிளப்பிவிடுகிறது. காலுக்கு வரும் இந்த வலிக்கு முதுகில் விலகிய வட்டு காரணமாக இருக்கலாம் என்பதை 1934இல்தான் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைத்தார்கள். அதற்கு வெகு காலம் முன்பே ஆயுர்வேதம் இந்த வலியைக் கிருத்ரசி என்று அழைத்திருக்கிறது. கிருத்ரம் என்றால் கழுகு. ஒரு காலை மடக்கிச் சாய்ந்து சாய்ந்து நடக்கும் நோயாளியின் நடையைப் பார்த்து வைத்த பெயர் என்கிறார்கள். அந்த நாட்களில் பள்ளி வராந்தாவின் கண்ணாடி ஜன்னலில் என் நடையைப் பார்த்த எனக்கு, பெயர் வைத்தவர் மிகக் கவனமாகப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது.

மருத்துவர் ஊடுகதிர்ப் படம் எதுவும் கேட்பதற்கு முன்பே பாதி விடையைச் சொல்லிவிட்டார். என்னை மல்லாந்து படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்காமல் வலது காலை மெல்ல உயர்த்தினார். 40 டிகிரி வருவதற்குள் கெண்டை வரை இழுத்தது. சிறு சுத்தியலால் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைத் தட்டினார். இடது பாதம் துள்ளியது. வலது பாதம் செத்ததுபோல் கிடந்தது. சுண்டுவிரல் ஓரத்தைப் பஞ்சால் தொட்டபோது ஒரு கனமான காலுறைக்கு மேல் தொடுவதுபோல் இருந்தது. எஸ் 1 வேர் என்றார். பெருவிரலைத் தூக்க முடியாமலும், பாதத்தின் மேற்புறம் மரத்தும் போயிருந்தால் எல் 5 என்று நினைத்திருப்பாராம். நீங்கள் இந்த வலியோடு போகும்போது மருத்துவர் உங்கள் காலையும் பாதத்தையும் தொட்டுச் சோதிக்காமல் நேராக ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அதன் பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, சிறுநீர் வழக்கம்போல் வருகிறதா, கழுவும்போது அந்த இடத்தில் தொடு உணர்வு தெரிகிறதா என்று கேட்டார். நாற்பத்தெட்டு வயதில், அறையில் உதவியாளரும் நிற்கும்போது, விடை சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போதல், சிறுநீர் வராமல் தேங்குதல் அல்லது அறியாமல் போதல், மலம் அடக்க முடியாமை, இரண்டு கால்களிலும் வலியும் பலவீனமும் ஒருசேர வருதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கற்றை முழுவதும் நசுங்கிக்கொண்டிருக்கலாம் என்று அதற்குப் பொருள். அந்த இரவே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். நம் வீட்டுப் பெண்கள் இதை வெளியே சொல்லாமல் இரண்டு மூன்று நாட்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

எனக்கு அவை எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எல் 5 - எஸ் 1 வட்டு பிதுங்கி வெளியே வந்து வலது எஸ் 1 வேரை அழுத்துகிறது என்றும், மேலே இரண்டு வட்டுகள் தேய்ந்தும் வீங்கியும் இருக்கின்றன என்றும் இருந்தது. உறவினர் வற்புறுத்தியதால் அந்த அறிக்கையோடு வேறொரு மருத்துவமனைக்கும் போனேன். அங்கே என் காலை யாரும் தொடவில்லை. படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் படுத்த படுக்கையாகிவிடுவேன் என்றார்கள். வீடு திரும்பும் வரை ஆட்டோவில் நானும் என் கணவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலில் பார்த்த மருத்துவரிடமே திரும்பிப் போய்க் கேட்டபோது அவர் பொறுமையாக விளக்கினார். வலியே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி 50 வயதில் வலியில்லாதவர்களில் 80 சதவீதம் பேருக்கு வட்டு தேய்ந்தும், 60 சதவீதம் பேருக்கு வீங்கியும் இருந்திருக்கிறது. ஆகவே மேலே உள்ள அந்த இரண்டு வட்டுகளைப் பற்றி நான் அழ வேண்டியதில்லை. வெளியே வந்துவிட்ட அந்தத் துண்டைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு வியப்பு. இரத்த ஓட்டமுள்ள இடத்துக்கு வந்துவிட்ட கூழை உடல் அந்நியப் பொருளாகக் கருதி, வெள்ளணுக்களைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். லேசாக வீங்கியதைவிட முற்றிலும் வெளியேறியதுதான் அதிகமாகக் கரையும். அறுவை சிகிச்சையை அவர் குறைத்துப் பேசவில்லை. நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பாரும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் அறுவை செய்துகொள்ளவே நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னார். பலவீனம் கூடுகிறதா என்று வாரந்தோறும் அவரே சோதிப்பது, கூடினால் உடனே அறுவை, கூடாவிட்டால் காத்திருப்பது என்று முடிவு செய்தோம்.

காத்திருப்பதை நான் முதலில் தவறாகச் செய்தேன். படுத்தே கிடந்தால் வட்டு உள்ளே போய்விடும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். பத்து நாட்கள் கழிப்பறைக்குத் தவிர எழவில்லை. இடுப்பு இறுகியது, மலச்சிக்கல் வந்தது, முக்கும்போதெல்லாம் கால் வரை வெட்டியது, பகல் முழுவதும் படுத்திருந்ததால் இரவுத் தூக்கமும் போயிற்று. இரண்டு மணிக்கு எழுந்து, யாரையும் எழுப்பாமல் கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபோதுதான் சற்று ஆறுதலாக இருந்தது. அதையும்கூட உடம்பைக் கெடுத்துக்கொள்கிறோம் என்ற குற்ற உணர்வோடுதான் செய்தேன். சயாட்டிகா நோயாளிகளை இரண்டு வாரம் படுக்க வைத்தும், படுக்க வைக்காமல் வழக்கமான வேலைகளைச் செய்யவிட்டும் ஒப்பிட்ட ஆய்வு 1999லேயே வெளியாகிவிட்டது. 12 வாரம் கழித்து இரு தரப்பிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுக்கை எதையும் கூட்டித் தரவில்லை. முதல் இரண்டு மூன்று நாட்கள் வலி தாங்காமல் படுப்பது வேறு; அதையே சிகிச்சையாக நினைப்பது வேறு.

டிசம்பர் தொடக்கத்தில் இயன்முறை மருத்துவரிடம் போனேன். என் பழைய மாணவர்களின் வயதிருக்கும் இளைஞர். குப்புறப் படுக்கச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தச் சொன்னார். பாதத்தின் வெளி ஓரத்தில் இருந்த எரிச்சல் மெல்ல மங்குவது தெரிந்தது; ஆனால் புட்டத்தில் வலி ஏறியது. அதிகமாகிறது, நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். அவர் சிரித்த முகத்தோடு, "வலி எவ்வளவு இருக்குன்னு கேக்கலை டீச்சர். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன்: முன்பு சுண்டுவிரலில் இருந்தது, இப்போது புட்டத்தில் இருக்கிறது. "அப்ப நல்லாத்தான் போகுது டீச்சர்."

என் ஓராண்டைத் திருப்பிப் போட்ட பேச்சு அது. காலின் நுனியில் இருக்கும் வலி மேலேறி இடுப்பை நோக்கிச் சுருங்குமானால், இடுப்பில் அது சற்றுக் கூடினாலும், செய்கிற அசைவு சரியானது. இடுப்பு சுகமாகி வலி கீழே பாதத்தை நோக்கிப் பரவுமானால் அந்த அசைவை அன்றே விட வேண்டும். இதைக் கவனித்தவர் நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்ஸி. 1956இல் வெலிங்டனில், அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர், வேறொரு நோயாளிக்காகத் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த மேசையில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்த அந்த நிலையில் சில நிமிடங்கள் கிடந்தவர், பல நாட்களாக இருந்த கால்வலி போய்விட்டது என்றாராம். அன்று முதல் நான் ஒரு பழைய நாட்குறிப்பில் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு இடத்தை மட்டும் எழுதத் தொடங்கினேன். டிசம்பர் 9, சுண்டுவிரல். டிசம்பர் 14, கணுக்கால். டிசம்பர் 22, கெண்டை. மாலையில் மறுபடி பாதம், விடைத்தாள் திருத்த ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பொங்கலன்று, தொடையின் நடு. வலியின் கடுமை நாளுக்கு நாள் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தபோதும், அந்தப் பக்கங்களைப் புரட்டினால் அது மேலே ஏறிக்கொண்டிருப்பது தெரிந்தது. பயம் போனதற்கு மருந்தைவிட அந்த நாட்குறிப்பே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் என் பயிற்சியை அப்படியே எடுத்துச் செய்யாதீர்கள். என்னோடு பணிபுரியும் ஆசிரியை ஒருவரின் தாயாருக்குத் தண்டுவடப் பாதை குறுகியதால் கால்வலி. அவருக்கு நின்றாலும் நடந்தாலும் வலி. உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ சுகம். முதுகைப் பின்னால் வளைக்கும் என் பயிற்சி அவருக்குக் கேடுதான் செய்யும். எந்தத் திசை யாருக்கு என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

மார்கழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பது நாளும் வாசலில் கோலம் போடாத மார்கழி எனக்குத் திருமணமான பிறகு இருந்ததில்லை. டிசம்பர் 17ஆம் தேதி விடியற்காலை நான் கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்ததைப் பார்த்து அம்மா திட்டினார். இயன்முறை மருத்துவரிடம் கேட்டபோது, நான் செய்யவிருந்தது என்ன என்பதைப் பிரித்துக் காட்டினார். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிவது, மருத்துவர் என் காலைத் தூக்கிச் சோதித்த அதே நிலை. நரம்பு முழு நீளத்துக்கும் இழுபடும். அதோடு, வட்டுகள் இரவெல்லாம் நீரை உறிஞ்சி விடியற்காலையில் புடைத்திருக்கும். காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டராவது உயரமாக இருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் வளையத்தின் மேல் விழும் அழுத்தம் மிக அதிகம். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியவே வேண்டாம், பல் துலக்கும்போதுகூட ஒரு கையைத் தொட்டியில் ஊன்றி நிமிர்ந்து நில்லுங்கள் என்றார். ஆகவே அந்த ஆண்டு எதிர்வீட்டுப் பெண் வந்து எங்கள் வாசலிலும் போட்டாள். நான் திண்ணைத் தூணைப் பிடித்தபடி நின்று, புள்ளி எத்தனை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மற்றபடி நிவாரணம் என்று ஒரே பொருளாக எதுவும் வரவில்லை; பல சிறிய மாற்றங்கள் சேர்ந்துதான் வந்தது. ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. மல்லாந்தால் முழங்கால்களுக்கு அடியில். எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் உருண்டு கையை ஊன்றி எழுவது. குத்துக்கால் போட்டு உட்காரும் கழிப்பறையின் மேல் வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கினோம்; நான் செலவழித்த பணத்தில் மிகப் பயன்பட்டது அதுதான். வாழைத்தண்டும் கீரையும் போதிய தண்ணீரும் வலிக்கு மருந்தல்ல, ஆனால் முக்காமல் இருக்க அவை வேண்டும். தும்மல் வந்தால் நிமிர்ந்து, சுவரில் கையை வைத்து, முதுகைச் சற்றுப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு தும்முவேன். உட்கார்வது இருபது நிமிடத்துக்கு மேல் இல்லை. இரும்புப் பீரோவின் பக்கத்தில் உயரமான பெட்டி ஒன்றை வைத்து, விடைத்தாள்களை நின்றபடியே திருத்தினேன். பேருந்தில் பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையையும் கடைசி இருக்கையையும் தவிர்த்து நடுவில் உட்கார்வது, வழியில் ஒருமுறை எழுந்து நிற்பது. நடப்பது முதலில் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு ஆறு முறை. மார்ச்சில் ஒரே மூச்சில் அரை மணி நேரம்.

ஒரு நரம்புப் பயிற்சியும் எனக்கு உதவியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது முழங்காலை மெல்ல நீட்டும்போது முகத்தை மேலே உயர்த்த வேண்டும்; மடக்கும்போது தாழ்த்த வேண்டும். ஒரு முனையில் இழுபடும் நரம்பு மறுமுனையில் தளர்வதால், அது நீளாமல் தன் பாதையில் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும். பத்து முறை போதும். வலி எழும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். கோபமாக இருக்கும் நரம்பை வலுக்கட்டாயமாக இழுத்தால் அது இரண்டு நாட்களுக்கு ஆறாது என்பதை ஒருமுறை செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழற்சியைக் குறைக்கும் மாத்திரை முதல் வாரங்களில் ஓரளவு உதவியது. சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் குறை உள்ளவர்கள் மருந்துக் கடையில் தாமாக அதை வாங்கி விழுங்கக் கூடாது. நரம்பு வலிக்கென்று ப்ரீகாபலின் கொடுத்தார்கள். எனக்குத் தலைசுற்றலும் மந்தமும் வந்தன. வகுப்பில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு எங்கே முடிப்பதென்று தெரியாமல் நின்றேன். சயாட்டிகாவுக்கு அது, ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத மாத்திரையைவிட அதிகப் பலன் தரவில்லை என்று ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் சொன்னது. மருத்துவரிடம் சொன்னபோது படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நொச்சி இலை ஒத்தடம் வட்டை எதுவும் செய்யாது என்பது எனக்குத் தெரியும். இறுகிய இடுப்புத் தசை அந்தச் சூட்டில் தளர்ந்தது, அம்மாவின் கை அங்கே இருந்தது, அந்த இரவுகளில் உறங்கினேன். வலுவாக மிதிப்பதையும் முறுக்கிச் சொடுக்குவதையும் மட்டும் யாருக்கும் நான் அனுமதிக்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் நாட்குறிப்பில் தொடை என்ற சொல் வருவது நின்றது. ஏப்ரலில், இன்று எங்கும் இல்லை என்று முதன்முறையாக எழுதினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி புட்டம். வலி போன பிறகும் கெண்டையின் பலம் உடனே வரவில்லை. நரம்பு ஆறுவதற்குத் தசையைவிட அதிகக் காலம் பிடிக்கும். தினமும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தப் பார்ப்பேன். டிசம்பரில் ஒருமுறைகூட முடியவில்லை. பிப்ரவரியில் ஒன்று, அதுவும் அரைகுறை. ஜூனில் எட்டு. பால் பொங்குவதற்குள் எத்தனை முடிகிறது என்று எண்ணுவது பழக்கமாகிவிட்டது. 2024 அக்டோபரில் இருபதைத் தொட்டேன்.

கடைசியாகப் போனபோது மருத்துவர் மறுபடி சுத்தியலை எடுத்துத் தட்டினார். வலது பாதம் துள்ளவில்லை. அது இனி திரும்பாமலே இருக்கலாம், அதனால் நடப்பதற்கு எந்தக் குறையும் வராது என்றார். சுண்டுவிரல் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் மரத்திருக்கிறது. இந்த மார்கழியில் விடிந்து ஒரு மணி நேரம் கழித்து, குனியாமல் ஒரு பலகையில் உட்கார்ந்து, ஐந்து புள்ளியில் சிறிய கோலமாகப் போடுகிறேன். பள்ளியில் தேதியை மேல் மூலையில்தான் எழுதுகிறேன்.